திரையரங்குகளில் புகைத்தல் தடை (தமிழ்நாடு)

திரையரங்குகளில் புகைத்தல் தடை என்பது, திரைப்படம் காட்டப்படும் அரங்கினுள்ளும் அதனைச் சார்ந்த முகப்புக்கூடம், படிக்கட்டு, நுழைவுச்சீட்டு வழங்குமிடம், கழிப்பறை முதலிய இடங்களிலும் பீடி, சிகரெட், சுருட்டு ஆகியவற்றைப் புகைப்பதைச் சட்டத்தின் மூலம் விலக்குவதைக் குறிக்கும். இந்தியாவில் இத்தடை 2008 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கியது என்று பலர் கருதுகின்றனர். அது முழுவதும் சரியன்று. அந்நாளில் நடைமுறைக்கு வந்த விதிகள் "திரையரங்கு" என்னும் சொல்லைப் பொது இடத்தின் வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்தன. திரையரங்கில் நெருப்பையும் புகைத்தலையும் கட்டுப்படுத்தும் முயற்சியோ திரைப்படத்தைப் போன்றே பழமையானது. அக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. முதலில் தீ விபத்து, பின்னர் பொதுத் தொல்லை, அதன்பின் பிறர் விடும் புகையை மூச்சில் ஏற்பவரின் உடல்நலம், இறுதியாகத் திரையில் தோன்றும் புகை என இம்மாற்றம் நிகழ்ந்தது.

தீயும் படச்சுருளும்

தொடக்ககாலத் திரைப்படச் சுருள்கள் செல்லுலோசு நைத்திரேட்டு என்னும் பொருளால் செய்யப்பட்டவை. இது வெடிமருந்தாகப் பயன்பட்ட துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய உறவுடையது, எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிசனைத் தானே வெளியிடுவதால், நீருக்குள் அமிழ்த்தினாலும் தொடர்ந்து எரியக்கூடியது. இத்தகைய சுருள் கார்பன் வில்விளக்கின் கடுமையான வெப்பத்துக்கு அருகில் ஓடியது. படம் ஓட்டுபவரின் அறையில் ஒரு தீப்பொறி விழுந்தாலும் போதும் என்ற நிலை அன்று இருந்தது.

1897 மே 4 இல் பாரிசு நகரில் நடந்த அறக்கொடைச் சந்தையில் திரைப்படக் காட்சிக்கான விளக்கிலிருந்து தீ பரவி 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விளக்குக்கு ஈதர் நிரப்பும் நேரத்தில் உரசப்பட்ட தீக்குச்சியே அதற்குக் காரணமாயிற்று. இதனையும் இதனையொத்த பிற விபத்துகளையும் கருத்திற்கொண்டு ஐக்கிய இராச்சியம் 1909 ஆம் ஆண்டில் ஒளிப்படக்காட்சிச் சட்டத்தை இயற்றியது. படவீழ்த்தி வைக்கப்படும் அறை தீப்பற்றாத சுவர்களால் தனியாக அமைதல் வேண்டும், அதனுள் எவரும் புகைத்தல் கூடாது என்பன அச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளுள் முதன்மையானவை. ஆயினும் பார்வையாளர் தம் இருக்கையில் அமர்ந்து புகைப்பதை அவ்விதிகள் தடுக்கவில்லை. பிரித்தானியத் திரையரங்குகளில் இருக்கையின் பின்புறத்திலேயே சாம்பல் கிண்ணம் பொருத்தப்பட்டிருந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது.

பிரித்தானிய இந்தியாவில் 1918 ஆம் ஆண்டின் ஒளிப்படக்காட்சிச் சட்டம் இருவகைப் பணிகளை ஒருங்கே செய்தது. படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வழங்குவது ஒன்று. படம் காட்டும் இடத்துக்குப் பாதுகாப்பு நோக்கில் உரிமம் வழங்குவது மற்றொன்று. தணிக்கையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. உரிமம் பற்றிய பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. புகைத்தல் தடையின் வேர் இந்த இரண்டாம் பகுதியில் உள்ளது.

1950 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தீப்பற்றும் சுருளுக்கு மாற்றாக அசிட்டேட்டுச் சுருள் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. இது "பாதுகாப்புச் சுருள்" எனப்பட்டது. இதன்பின் படச்சுருளால் நேரும் இடர் பெருமளவு குறைந்தது. எனினும் தமிழகத்தின் சிற்றூர்களில் இடருக்கு வேறொரு காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. அது கூரை.

சென்னை மாநிலச் சட்டமும் கொட்டகைகளும்

தமிழகத்தில் ஊர்ஊராகச் சென்று படம் காட்டுவதை 1905 ஆம் ஆண்டில் தொடங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த இவர், படவீழ்த்தி ஒன்றையும் சில படங்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரம் அமைத்துக் காட்சிகள் நடத்தினார். பின்னர் 1914 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். சென்னையில் எலக்ட்ரிக் தியேட்டர் 1913 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கூடாரம், கட்டடம் என்னும் இவ்விரு வகைகளும் அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் அருகருகே நிலவின.

விடுதலைக்குப் பின்னர் திரையரங்கு உரிமம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாயிற்று. தணிக்கை நடுவண் அரசிடம் நின்றது. 1952 ஆம் ஆண்டின் ஒளிப்படக்காட்சிச் சட்டம் இப்பிரிவினையைப் பின்பற்றியது. சென்னை மாநிலத்தில் 1955 ஆம் ஆண்டில் திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டமும், 1957 ஆம் ஆண்டில் அதன் விதிகளும் இயற்றப்பட்டன. இவை இன்று தமிழ்நாடு திரையரங்குகள் (ஒழுங்குமுறை) சட்டம், விதிகள் என வழங்குகின்றன. உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர் ஆவார். நிரந்தர அரங்கு, அரை நிரந்தர அரங்கு, "டூரிங் டாக்கீஸ்" என்னும் பெயர்வுக் கொட்டகை என வகைகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாயில்களின் எண்ணிக்கை, நடைபாதையின் அகலம், மின்கம்பி அமைப்பு, தீயணைப்புப் பொருள்கள் ஆகியன வரையறுக்கப்பட்டன. சிவப்பு வண்ணம் பூசி மணலும் நீரும் நிரப்பிய வாளிகள் படம் ஓட்டும் அறையின் வாசலில் வரிசையாகத் தொங்கியதற்கு இத்தகைய பாதுகாப்பு விதிகளே காரணம்.

அண்டை மாநிலமான மைசூர் (இன்றைய கருநாடகம்) இன்னும் ஒருபடி மேலே சென்றது. காட்சி அரங்குகளிலும் பொது மண்டபங்களிலும் புகைப்பதைத் தடைசெய்வதற்கென்றே 1963 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்றை அது இயற்றியது. புகைத்தலின் தீமை குறித்த மருத்துவ அறிவு பொதுமக்களிடையே பரவாத காலத்தில், ஒரு மாநிலச் சட்டமன்றம் இதற்கெனத் தனிச்சட்டம் கொண்டுவந்தது குறிப்பிடத்தக்கது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

சேலம் திரைப்படத்துக்குப் புதிய ஊரன்று. டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் ஏற்காடு செல்லும் சாலையில் 1930களிலிருந்து இயங்கியது. படம் எடுக்கும் ஊராக இருந்ததனால் சேலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் படம் பார்க்கும் பழக்கமும் வேரூன்றியிருந்தது. கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டி, இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களை உள்ளடக்கிய இச்சமவெளி 1997 சனவரி 1 ஆம் நாள் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஒரே சேலம் மாவட்டமாக இருந்தது. ஆகவே இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியரின் உரிம அதிகாரத்தின் கீழ் இருந்தது.

தறித் தொழிலாளரும் உழவரும் பெரும்பான்மையாக வாழும் இத்தகைய சிற்றூர்களுக்குத் திரைப்படம் கொட்டகை வழியாகவே முதலில் வந்தடைந்தது. கீற்று வேய்ந்த கூரை, மூங்கில் அல்லது மரக் கம்பங்கள், பக்கங்களில் திறப்பு அல்லது தட்டி, தரையில் மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி என்பது கொட்டகையின் பொதுவான அமைப்பு. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமர, இடையே தட்டியோ குட்டைச் சுவரோ இருக்கும். தரை டிக்கெட்டில் ஆண்கள் பகுதியில் பீடி புகைப்பது அன்றாடக் காட்சி. படவீழ்த்தியின் ஒளிக்கற்றையில் புகை சுருண்டு எழுவதைப் பார்த்தே அரங்கில் எத்தனை பேர் புகைக்கின்றனர் என்று கணிக்க முடியும். கதாநாயகன் திரையில் தோன்றும் நேரத்தில் அப்புகை சற்று அடர்ந்து படத்தையே மங்கச் செய்யும்.

ஓலைக்கூரை, உலர்ந்த மூங்கில், அணைக்காமல் வீசப்பட்ட பீடித் துண்டு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது எத்தகைய ஆபத்து என்பதைக் கொட்டகை நடத்தியவர்கள் அறியாதவர்கள் அல்லர். படம் தொடங்குமுன் காட்டப்படும் கண்ணாடிச் சிலைடுகளில் புகைபிடிக்கலாகாது என்னும் அறிவிப்பு தவறாமல் இடம்பெற்றது. வருகை தந்தோருக்கு வணக்கம், முன் இருக்கையில் கால் வைக்காதீர் என்பன போன்ற சிலைடுகளின் வரிசையில் அதுவும் ஒன்று. பார்வையாளரும் அதனை அவ்வாறே எடுத்துக்கொண்டனர். அறிவிப்பு திரையில் இருக்கும்போதே தீக்குச்சி உரசும் ஓசை கேட்பது வழக்கம்.

1979 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் இலட்சுமி டூரிங் டாக்கீஸ் என்னும் கொட்டகையில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். தமிழகத் திரையரங்கு வரலாற்றில் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்றாக இது நினைவுகூரப்படுகிறது. கூரை பற்றிக்கொண்டால் வெளியேறுவதற்கு மக்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதை இது காட்டியது. தொலைக்காட்சி, ஒளிநாடாப் பேழை ஆகியவற்றின் வருகையால் 1980களிலும் 1990களிலும் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கீற்றுக் கூரை மறைந்ததுடன் புகைத்தல் தடைக்கான பழைய காரணமும் வலுவிழந்தது எனலாம். 1997 சூன் 13 ஆம் நாள் 59 பேரைப் பலிகொண்ட தில்லி உபகார் திரையரங்கு விபத்து மின்மாற்றியிலிருந்து தொடங்கியது. அதற்கும் புகைத்தலுக்கும் தொடர்பில்லை.

சிகரெட் விளம்பரங்கள்

இக்காலகட்டத்தின் முரண் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். அரசுத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரங்களுக்கு இடமில்லாதிருந்ததால், சிகரெட் நிறுவனங்களுக்குத் திரையரங்கே முதன்மையான அசையும்பட விளம்பரக் களமாக விளங்கியது. எனவே புகைபிடிக்கலாகாது என்னும் சிலைடு காட்டப்பட்ட அதே திரையில், சில நிமிடங்களில் சிகரெட் விளம்பரமும் ஓடியது. 1975 ஆம் ஆண்டின் சிகரெட்டுகள் சட்டம் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியதே ஒழிய, விளம்பரத்தைத் தடை செய்யவில்லை. அச்சட்டம் பீடிக்கும் சுருட்டுக்கும் பொருந்தவும் இல்லை. தரை டிக்கெட்டில் பெரும்பாலும் புகைக்கப்பட்டது பீடி என்பதால், கொட்டகைப் பார்வையாளரில் பலரின் கையில் இருந்த பொருளுக்கு எச்சரிக்கையே இல்லை.

உடல்நலக் காரணத்தின் எழுச்சி

புகைப்பவர் அருகில் இருப்பவரும் பாதிக்கப்படுகிறார் என்னும் கருத்து 1980களில் உறுதிப்பட்டது. சப்பானிய ஆய்வாளர் தாக்கேசி இரயாமா 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, புகைக்கும் கணவர்களின் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக உண்டாவதைக் காட்டியது. 1986 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கையும் இம்முடிவை ஏற்றது. இதன் பின்னர், புகைத்தல் புகைப்பவரின் தனிப்பட்ட விருப்பம் என்னும் வாதம் மூடிய அரங்குகளைப் பொறுத்தவரை செல்லாததாயிற்று. பார்வையாளர் மூன்று மணி நேரம் அரங்கில் இருந்துவிட்டு வெளியேறிவிடுவார். நாளொன்றுக்கு நான்கு காட்சிகளிலும் உள்ளேயே இருந்த நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர், படம் ஓட்டுபவர், இடைவேளையில் தின்பண்டம் விற்பவர் ஆகியோரின் நிலை வேறு.

இந்தியாவில் இக்கருத்தை முதலில் செயற்படுத்திய சட்டங்களுள் ஒன்று தில்லியின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம். "புகைக்காதோர் நலப் பாதுகாப்பு" என்னும் சொற்கள் அதன் பெயரிலேயே இடம்பெற்றன.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1999 சூலை 12 இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின்படி பொதுத் தொல்லை ஆகும் என்று தீர்ப்பளித்தது. கே. இராமகிருட்டிணன் எதிர் கேரள மாநிலம் என்னும் இவ்வழக்கில் நீதியரசர்கள் ஏ. ஆர். இலட்சுமணன், கே. நாராயண குருப் ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். புதிய சட்டம் எதுவும் இயற்றாமல், 1860 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்த தொல்லை பற்றிய பிரிவைக் கொண்டே ஒரு மாநிலம் முழுவதும் தடை விதிக்கப்பட்டது இத்தீர்ப்பின் சிறப்பு. மலையாள நாட்டின் எல்லையை ஒட்டிய தமிழக மாவட்ட மக்கள் அங்குப் பேருந்து நிலையத்தில் புகைத்துப் பிடிபடும் செய்திகள் அக்காலத் தமிழ் நாளேடுகளில் நகைச்சுவைத் துணுக்குகளாகவும் இடம்பெற்றதுண்டு.

மும்பையைச் சேர்ந்த அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2001 நவம்பர் 2 இல் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமான இடைக்கால ஆணையைப் பிறப்பித்தது. நீதியரசர்கள் எம். பி. சா, ஆர். பி. சேத்தி ஆகியோர் அடங்கிய அமர்வு, அரசியலமைப்பின் 21 ஆவது உறுப்பு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையை அடிப்படையாகக் கொண்டது. புகைக்காத ஒருவரின் உயிரைப் பிறர் புகையால் குறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அதன் சாரம். மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுடன் "கலையரங்குகள்" என்பதும் தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலில் இருந்தது. திரையரங்குகள் இச்சொல்லின் கீழ் அடங்கும் என்றே பொதுவாகக் கொள்ளப்பட்டது.

சட்டங்கள்

உச்சநீதிமன்ற ஆணையை அடுத்துத் தமிழ்நாடு சட்டமன்றம் புகைபிடித்தல் மற்றும் எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தை 2002 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. இது 2003 ஆம் ஆண்டின் 4 ஆவது சட்டமாகும். புகையையும் எச்சிலையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது, அக்காலத்தில் இச்சிக்கல் உடல்நலத்துடன் பொதுத்தூய்மை பற்றியதாகவும் பார்க்கப்பட்டதைக் காட்டுகிறது.

அடுத்து, நாடாளுமன்றம் சிகரெட்டுகள் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தை 2003 ஆம் ஆண்டில் இயற்றியது. 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்ட பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தும் இதில் அடங்கின. இதன் 4 ஆவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. 5 ஆவது பிரிவு புகையிலை விளம்பரங்களைத் தடை செய்கிறது. இவ்விரு பிரிவுகளும் 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆக, திரையரங்கில் புகைப்பதும் திரையரங்குத் திரையில் சிகரெட் விளம்பரம் காட்டுவதும் ஒரே நாளில் நாடு தழுவிய சட்டத்தின்கீழ் குற்றமாயின. பொது இடத்தில் புகைத்தலுக்கான தண்டம் 200 உரூபாய் வரை.

உலக நலவாழ்வு அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004 பெப்ரவரியில் ஏற்றது. மூடிய பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகையிலிருந்து பாதுகாப்பு அளிப்பதை இவ்வுடன்படிக்கையின் 8 ஆவது உறுப்பு வலியுறுத்துகிறது.

2008 ஆம் ஆண்டின் விதிகள்

மேற்கண்ட சட்டம் ஏட்டளவில் இருந்ததே ஒழிய, நடைமுறையில் பெரிதாக உணரப்படவில்லை. 2004 முதல் 2009 வரை நடுவண் நலவாழ்வுத்துறை அமைச்சராக இருந்த மருத்துவர் அன்புமணி இராமதாசு காலத்தில் புதிய விதிகள் வகுக்கப்பட்டு 2008 மே 30 ஆம் நாள் அறிவிக்கப்பட்டன. காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 முதல் அவை செயற்படும் என அறிவிக்கப்பட்டது. இவற்றுக்குத் தடை கோரி உணவு விடுதி உரிமையாளர்களும் புகையிலை நிறுவனமும் தொடர்ந்த வழக்கில், செப்டெம்பர் 29 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது.

பொது இடம் என்பதில் பணியிடங்கள், வணிக வளாகங்கள், திரையரங்குகள் ஆகியனவும் அடங்கும் என இவ்விதிகள் தெளிவாகக் கூறின. முன்னர் "கலையரங்கு" என்னும் சொல்லில் திரையரங்கு அடங்குமா, முகப்புக்கூடம் அடங்குமா என எழுந்த ஐயங்களுக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று. திறந்தவெளி அரங்குகளையும் விதிகள் விட்டுவைக்கவில்லை. சட்டத்தில் விலக்களிக்கப்பட்ட "திறந்தவெளி" என்பது பொதுமக்கள் வந்துபோகும் திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கு, இரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் முதலியவற்றைக் குறிக்காது என விளக்கம் தரப்பட்டது. கூரையில்லாத பழைய கொட்டகை ஏதேனும் எஞ்சியிருப்பின் அதற்கும் தடை பொருந்தும்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் இவ்விதிகள் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. அதுவரை புகைத்தவர் மட்டுமே குற்றவாளி. 2008 க்குப் பின் அரங்கின் உரிமையாளர், மேலாளர் அல்லது பொறுப்பாளரும் பொறுப்பேற்க வேண்டும். அறுபது செ.மீ. நீளமும் முப்பது செ.மீ. அகலமும் கொண்ட வெள்ளைநிறப் பலகையில், இது புகைத்தல் தடைசெய்யப்பட்ட பகுதி, இங்குப் புகைப்பது குற்றம் என்னும் அறிவிப்பு நுழைவாயிலிலும் ஒவ்வொரு தளத்திலும் வைக்கப்படுதல் வேண்டும். புகார் பெறுபவரின் பெயரும் அறிவிக்கப்படல் வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, சிகரெட் பற்றவைக்கும் கருவி போன்றவை வளாகத்தில் வழங்கப்படுதல் கூடாது. புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிடில், அங்கு நிகழ்ந்த தனிக்குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஈடான தண்டத்தை அவர் செலுத்த வேண்டும்.

திரையரங்குகளைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான கருத்து ஒன்று உண்டு. தனியறை அமைத்தால் அங்குப் புகைக்கலாம் என்பதே அது. சட்டத்தின் 4 ஆவது பிரிவு தரும் விலக்கு முப்பது அறைகள் கொண்ட தங்கும் விடுதிகளுக்கும், முப்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உணவகங்களுக்கும், வானூர்தி நிலையங்களுக்கும் மட்டுமே உரியது. திரையரங்கு அப்பட்டியலில் இல்லை. ஆகவே எத்துணைப் பெரிய பல்திரை வளாகமாயினும், திரையரங்கு என்னும் வகையில் புகைக்கும் அறை அமைக்க அதற்கு உரிமை கிடையாது.

திரைக்குள் புகை

அரங்கில் புகைப்பது குற்றமான காலத்திலேயே, அரங்கின் திரையில் புகைக்கப்படுவது பற்றிய கேள்வியும் எழுந்தது. தமிழகத்தில் இக்கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. ம. கோ. இராமச்சந்திரன் தம் படங்களில் புகைப்பதையும் மது அருந்துவதையும் தவிர்த்து வந்தார். 1975 ஆம் ஆண்டில் அறிமுகமான இரசினிகாந்து சிகரெட்டைச் சுழற்றி வாயில் இடும் முறையாலேயே புகழ்பெற்றார். 2002 ஆகத்து மாதம் வெளியான பாபா திரைப்படத்தில் அவர் புகைக்கும் காட்சிகளுக்குப் பாட்டாளி மக்கள் கட்சி கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. கட்சித் தொண்டர்களின் போராட்டத்தால் வட மாவட்டங்களில் சில திரையரங்குகளில் படம் திரையிடப்படுவது தடைப்பட்டது. உச்சநீதிமன்ற ஆணைக்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்த இப்பூசல், சட்டத்தைவிட அதிகமாக இச்சிக்கலைத் தமிழக மக்களிடம் கொண்டு சென்றது எனலாம். எதிர்ப்பின் வழிமுறையை ஏற்காதவர்களும் கேள்வியைப் பேசத் தொடங்கினர்.

2005 மே 31 இல் நடுவண் நலவாழ்வுத்துறை திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் புகைக்கும் காட்சிகளை அடியோடு தடைசெய்யும் விதிகளை அறிவித்தது. இது கருத்துரிமையைப் பறிப்பதாகத் திரைத்துறையினர் எதிர்த்தனர். இயக்குநர் மகேசு பட்டு தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். விதிகள் ஒத்திவைக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்த நிலையில், 2009 சனவரியில் உயர்நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என அறிவித்தது. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

முடிவில் தடைக்கு மாற்றாக எச்சரிக்கை என்னும் நடுவழி காணப்பட்டது. 2011 இல் அறிவிக்கப்பட்டு 2012 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, புகையிலைப் பயன்பாடு இடம்பெறும் படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் குறைந்தது முப்பது நொடி விழிப்புணர்வுப் படமும், இருபது நொடி ஒலி-ஒளி அறிவிப்பும் காட்டப்படுதல் வேண்டும். புகைக்கும் காட்சி ஓடும் நேரம் முழுவதும் திரையின் கீழே எச்சரிக்கை வரி தோன்றுதல் வேண்டும். திருத்திய விதிகள் 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 செப்டெம்பர் 1 முதல் இணையவழித் திரைப்பட மேடைகளுக்கும் இதனையொத்த விதிகள் நீட்டிக்கப்பட்டன. இவ்விழிப்புணர்வுப் படங்களின் உரையாடலைப் பார்வையாளர்கள் மனப்பாடமாகச் சொல்லி நகைப்பது அரங்குகளில் காணப்படும் ஒன்று. நோயுற்றோர் தம் வாயால் சொன்ன செய்தி நகைப்புக்கு இடமாவதைக் குறை கூறுவோர் உண்டு. மனப்பாடம் ஆகும் அளவுக்குச் செய்தி சென்று சேர்ந்துள்ளது என்போரும் உண்டு.

பிற நாடுகள்

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் இத்துறையில் மிகவும் முந்தியது. அங்கு 1970 ஆம் ஆண்டிலேயே பேருந்துகள், திரையரங்குகள், நாடக அரங்குகள் ஆகியவற்றில் புகைப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தமிழகக் கொட்டகைகளில் சிலைடு மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதே தமிழ்ப் படங்களைச் சிங்கப்பூர்த் தமிழர் புகையற்ற அரங்கில் பார்த்தனர். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. அயர்லாந்து 2004 மார்ச்சு 29 இல் மூடிய பணியிடங்கள் அனைத்திலும் புகைத்தலைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 2007 சூலை 1 முதல் இத்தகைய தடை வந்தது. அங்குத் திரையரங்குகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னரே தாமாகப் புகைத்தலை நிறுத்தியிருந்தன.

நடைமுறை

தமிழகத்தில் அரங்கின் உட்பகுதியில் புகைத்தல் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. சட்டம் மட்டும் இதற்குக் காரணமன்று. குளிரூட்டப்பட்ட அரங்கில் புகை வெளியேற வழியில்லை. அருகில் இருப்பவர் உடனே எதிர்ப்பார். குடும்பத்துடன் வருவோரை இழக்க அரங்க உரிமையாளரும் விரும்பார். பெருநகரப் பல்திரை வளாகங்களில் நுழைவாயிலில் உடைமைகள் சோதிக்கப்பட்டுத் தீப்பெட்டியும் சிகரெட்டும் வாங்கி வைக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் நெருப்புக்கு அஞ்சிப் படம் ஓட்டும் அறையின் வாசலில் தொடங்கிய தடை, இவ்வாறு அரங்கின் வெளிவாயிலுக்கு நகர்ந்தது. படச்சுருளோ எண்ணிமப் படவீழ்த்திகளின் வருகையால் 2010களில் அவ்வறையிலிருந்தே மறைந்துவிட்டது.

சிற்றூர்களில் உள்ள ஒற்றைத்திரை அரங்குகளில் புகைத்தல் கழிப்பறைக்கும், வண்டி நிறுத்துமிடத்துக்கும், இடைவேளையில் வாயிற்படிக்கும் இடம்பெயர்ந்துள்ளது. கழிப்பறை சட்டப்படி அரங்கின் ஒரு பகுதியே. அங்குப் புகைப்பதும் குற்றம். ஆயினும் அரங்கில் பணியாற்றுவோர் சிலரே என்பதால் அதனைக் கண்காணிப்பது அரிது. காவல்துறையினரும் பொது சுகாதாரத் துறையினரும் தண்டம் விதிப்பது பெரும்பாலும் பேருந்து நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நிகழ்கிறது. புகையிலைப் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரிடையே ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 2009-10 இல் 16.2 விழுக்காடாகவும் 2016-17 இல் 20.0 விழுக்காடாகவும் இருந்தனர். இந்திய அளவில் இது 34.6 இலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்த காலத்தில் தமிழ்நாட்டில் உயர்ந்தது கவனத்துக்குரியது. இவ்வெண்கள் மெல்லும் புகையிலையையும் உள்ளடக்கியவை. அரங்கிலிருந்து புகையை வெளியேற்றிய சட்டப்பிரிவு அதனைத் தொடவில்லை.

மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு ஆகியவற்றை 2019 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் தடை செய்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் "புகைத்தல்" என்பதற்குப் புகையிலையை எவ்வடிவிலேனும் புகைப்பது என்று பொருள் வரையறுத்துள்ளது. புகையிலையே இல்லாத நிகோட்டின் கரைசலை அரங்கின் இருக்கையில் அமர்ந்து இழுப்பவருக்கு அவ்வரையறை பொருந்துமா என்பது விவாதத்துக்கு உரியதாக உள்ளது.